இரண்டாம் அத்தியாயத்திலேயே நிற்கிறவனுக்கு

ஜூன் 6

அக்காவுக்கு,

இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்குப் போன் செய்ய வேண்டாம். எடுக்க மாட்டேன். சாட்சி சொல்லப்போகிறவன் சம்பந்தப்பட்டவர் வீட்டாரோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது.

அச்சகத்தில் நடந்த விபத்து பற்றிய விசாரணைக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஷிஃப்டுக்கு அப்போது நான்தான் சூப்பர்வைசர். காகிதம் வெட்டும் மிஷினில் இரண்டு பொத்தான்களையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கை உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அதில் இடது பொத்தானுக்கு மேல் அட்டையை மடித்து வைத்து, டேப் ஒட்டி, எப்போதும் அழுந்தியே இருக்கும்படி செய்தது யார் என்று கேட்பார்கள். மாமாதான் என்று சொல்லப்போகிறேன். வேலை வேகமாக நடக்க அவர் அப்படிச் செய்தார். ஷிஃப்ட் முடிந்தபோது கழற்றாமல் போய்விட்டார். அடுத்து வந்தவருக்கு இரண்டு விரல் போயிற்று. இதுதான் உண்மை.

இந்த முடிவுக்கு நான் சுலபமாக வரவில்லை. மாற்றலாகி இங்கே வந்ததிலிருந்து சனிக்கிழமைதோறும் ஆபீஸ் மீட்டிங் ரூமில் கீதை வகுப்புக்குப் போகிறேன். கணக்குப் பிரிவு அதிகாரி நடத்துகிறார். வாரம் ஒரு முக்கியமான சுலோகம். படித்ததை அந்த வாரம் முழுக்க வாழ்ந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் முறை. இப்போது இரண்டாம் அத்தியாயம் நடக்கிறது. எதிரில் நிற்பவர் மாமனா மைத்துனனா என்று பார்த்தால் கடமை நடக்காது என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. கடமையைச் செய்கிறேன். அதன் பலன் உங்களுக்கு எப்படி இருக்கும் என்பது என் கையில் இல்லை.

இப்படிக்கு,
தம்பி

ஜூன் 10

தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்க மனசில்லை. கேட்காவிட்டால் அதையும் விசாரணையில் சொல்லிவைப்பாய் என்பதால் கேட்டுவைக்கிறேன்.

விடுதிச் சமையலறையில் காய் நறுக்கி முடித்துவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். பலனை எதிர்பார்க்காமல் படி.

முதலில் ஒரு சந்தேகம். போனில் பேசினால் தப்பு, தபாலில் எழுதினால் தப்பில்லையா? உன் தர்மம் என்ன, ஸ்டாம்ப் ஒட்டினால் கண்ணை மூடிக்கொள்ளுமா? இன்னொரு சந்தேகம். கடிதம் முழுக்க 'உங்கள்', 'உங்களுக்கு' என்று எழுதியிருக்கிறாயே, எனக்கு என்ன திடீரென்று கொம்பா முளைத்திருக்கிறது? தெரு நாயைப் பார்த்தால் ஓடிவந்து என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தவன் நீ. இன்றைக்குப் போர்க்களத்தில் தேர் கட்டி நிற்கிறாய். நிற்பதுதான் நிற்கிறாய், எதிரில் நிறுத்த வேறு ஆளே கிடைக்கவில்லையா? உன் மாமாவா? நடந்து வரும்போதே மூச்சு வாங்குகிற மனுஷன்! நல்ல வீரன்டா நீ.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "பரவாயில்ல, கையெழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றார். அப்புறம் சாப்பிடவில்லை.

விளையாட்டை விடுகிறேன். வேலை போனால் கம்பெனி கொடுத்த இந்த இரண்டு ரூமும் போகும். இந்த வயதில் அவருக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? "எனக்கு ஞாபகமில்லை" என்று ஒரு வரி சொன்னால் உன் நாக்கு அறுந்து விழாது. நீ என்னிடம் ஆயிரம் முறை சொன்ன வரிதானே அது?

விரல் போன நம் மீசைக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இடது கையில் இன்னும் கட்டு. எங்கள் வீட்டு வாசலைத் திறந்தால் நேர் எதிரே அவர் வாசல். இதெல்லாம் இன்னும் உனக்கு ஞாபகம் இருக்கும். அவரைப் பார்க்க வந்த நீ, பழத்துக்குப் பதிலாக ஒரு கீதைப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாயாம். அவருக்குப் படிக்கவே தெரியாது. அதே அச்சகத்தில் சூப்பர்வைசராக நின்றாயே, அதுகூடவா தெரியவில்லை? புத்தகம் சும்மா கிடக்கிறதே என்று தினமும் சாயங்காலம் நான் போய்ப் படித்துக் காட்டுகிறேன். சுலோகம் என் நாக்கில் புரளாது. கீழே இருக்கிற அர்த்தத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். உன் புண்ணியத்தில் எனக்கும் மோட்சம் கிடைக்கட்டும்.

அக்கா

ஜூன் 15

அக்காவுக்கு,

எதையும் சிரித்து மழுப்புவது உங்கள் பழக்கம். நான் மழுப்பத் தயாரில்லை.

பொய் சொல்லச் சொல்கிறீர்கள். அதுவும் ஒருவர் விரல் போன விஷயத்தில். இதை வேறு யாராவது எழுதியிருந்தால் கடிதத்தை அப்படியே விசாரணை அதிகாரியிடம் கொடுத்திருப்பேன். அக்கா என்பதால் கிழித்துப் போட்டேன். அந்த அளவுக்கு இன்னும் எனக்குப் பாசம் இருப்பதே என் பலவீனம் என்று வகுப்பில் சொன்னார்கள்.

நீங்கள் எதிர் வீட்டில் போய் உட்கார்ந்து கீதை படிப்பதைப் பற்றி ஒன்று கேட்கிறேன். மிஷினில் டேப் ஒட்டியது உங்கள் வீட்டுக்காரர்தான் என்று அவருக்குத் தெரியுமா? தெரியாது. நீங்கள் சொல்லவில்லை. தெரிந்தால் வாசல்படி ஏற விடுவாரா? புருஷன் செய்ததை மறைத்து வைத்துக்கொண்டு, அதே மனிதருக்குப் புனித நூல் படித்துக் காட்டுகிறீர்கள். படிக்காதவர் என்று சொன்னீர்களே, அதனால்தானே இது நடக்கிறது? உங்கள் முகத்தைப் படிக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

கீதை சாயங்காலப் பொழுதுபோக்கு அல்ல. வாழ்ந்து பார்க்கவேண்டிய நூல். முடியாவிட்டால் தொடாதீர்கள்.

தம்பி

ஜூன் 19

அடேய் தம்பி,

உன் கடிதம் வந்த அன்று காய் நறுக்கும்போது விரலில் வெட்டிக்கொண்டேன். உடனே பலன் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படாதே. சின்ன வெட்டுதான்.

எதிர் வீட்டைப் பற்றி நீ எழுதியது உறைத்தது. உறைக்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அதற்கும் உன்னிடம் ஒரு சுலோகம் இருக்கும். ஆனால் என்னை அடிக்க நீ தூக்கிய புத்தகத்தை இப்போது நானும் கொஞ்சம் படித்திருக்கிறேன். அதனால் நீயும் கொஞ்சம் வாங்கிக்கொள்.

முதல் அத்தியாயம் படித்து முடித்தோம். மீசைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வில்லை வைத்துக்கொண்டு நிற்கிறானே அந்தப் பையன், அவன் எதிரில் இருக்கிற பெரியப்பா, மாமன், வாத்தியார் எல்லாரையும் பார்க்கிறான். கை நடுங்குகிறது. வாய் உலர்ந்துபோகிறது. தோல் எரிகிறது. நிற்க முடியாமல் தேரிலேயே உட்கார்ந்துவிடுகிறான். என்னால் முடியாது என்கிறான். ஒரு முழு அத்தியாயம்டா! அதற்கு அப்புறம்தான் தேரோட்டி வாயைத் திறக்கிறார்.

நீ எப்போது நடுங்கினாய்? உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடக் கோணலாக இல்லை. வரிசை பிசகாமல், கோடு போட்ட மாதிரி எழுதியிருக்கிறாய். நடுங்காதவனுக்கு எதற்கடா அவ்வளவு பெரிய புத்தகம்? நடுங்கினவனுக்குச் சொன்னதை எடுத்து, நடுங்காத நீ உன் மாமா மேல் வீசுகிறாய். உன் வகுப்பில் முதல் அத்தியாயத்தை நடத்தினார்களா, இல்லை கணக்கு அதிகாரி கழித்துவிட்டாரா?

இன்னொன்றும் கேட்டுக்கொள். உன் மாமா ஒரு நாளும் உன்னைப் பற்றி வாய் திறக்காதவர். நீ எழுதியதை நான் மறுபடி மறுபடி படிப்பதைப் பார்த்து, தாங்காமல் நேற்றுச் சொன்னார். அந்த அட்டையையும் டேப்பையும் நீ பார்த்தாயாம். ஒரு நாள் இல்லை, பல நாள் பார்த்தாயாம். பார்த்து என்ன சொன்னாய்? "மாமா, பெரிய அதிகாரி ரவுண்டு வர்ற நேரத்துல மட்டும் கழட்டிடுங்க." இதுதானே சொன்னாய்? உன் ஷிஃப்டில் மட்டும் வெட்டு அதிகமாக ஆகிறது என்று உனக்குக் கைதட்டினார்கள். அதே கைதட்டலில்தான் உன்னை மேலே தூக்கி அந்த ஊருக்கு மாற்றினார்கள்.

மாமாவைக் காட்டிக் கொடுப்பது கடமை என்றால், அந்த டேப்பை அன்றைக்கே பிய்த்து எறிவது யாருடைய கடமை? அந்தச் சுலோகத்துக்கு உங்கள் வகுப்பு இன்னும் வரவில்லையோ? வாரத்துக்கு ஒன்று என்றால், நீ அங்கே போய்ச் சேர்வதற்குள் எனக்குப் பல்லெல்லாம் கொட்டிவிடும்.

உன் பலவீனத்தின் அக்கா

ஜூன் 24

அக்காவுக்கு,

முதல் அத்தியாயம் வெறும் கதை, பெயர்ப் பட்டியல், அழுகை. உபதேசம் இரண்டாவதில்தான் தொடங்குகிறது என்பதால் அதிகாரி அதைத் தாண்டி ஆரம்பித்தார். அதில் ஒரு தவறும் இல்லை.

கழற்றச் சொன்னேன். அது மட்டும்தான் உண்மை. எந்த நேரத்தில், எப்படி என்று மாமா இப்போது தனக்குச் சௌகரியமாகச் சேர்த்துக்கொள்கிறார். அதற்குச் சாட்சி கிடையாது. தன்னோடு என்னையும் இழுத்து மூழ்கடிக்கப் பார்க்கிறார். நீங்கள் அதற்குத் துணை போகிறீர்கள். இதே வார்த்தையை விசாரணையில் சொன்னால் அவதூறு என்று நான் எழுதிக் கொடுப்பேன். அப்புறம் என்னை ஒன்றும் சொல்லக்கூடாது.

எனக்கு மனைவி இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது. நீங்கள் என்னவோ நான் பொழுதுபோகாமல் சண்டை பிடிப்பது மாதிரி எழுதுகிறீர்கள்.

இனி எழுத வேண்டாம்.

ஜூலை 1

தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். உன் பேச்சைக் கேட்டு நான் எப்போது நடந்திருக்கிறேன்?

நாங்கள் மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்துவிட்டோம். நீ இரண்டிலேயே இரு, அவசரமில்லை. மூன்றின் தொடக்கத்திலேயே அந்தப் பையன் தேரோட்டியிடம் கோபித்துக்கொள்கிறான். நான் வழக்கம்போல எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே போனேன்.

"இருங்க, இருங்க" என்றார் மீசைக்காரர். "அவன் என்ன கேக்கறான்?"

"இப்படியும் சொல்றீங்க, அப்படியும் சொல்றீங்க, என்னைக் குழப்பாதீங்க. எது சரியோ அந்த ஒண்ணை நிச்சயமாச் சொல்லுங்கன்னு கேக்கறான்."

"சொன்னாரா?"

"சொல்றாரே. புத்தகம் முடியறவரைக்கும் சொல்லிட்டே இருக்கார்."

அவர் கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "குடுத்து வச்சவன், தங்கச்சி, அவன். கேட்டான், பக்கத்துல இருந்தவர் சொன்னார். நானும் எல்லார்கிட்டயும் கேட்டுப் பாத்துட்டேன். கம்பெனி டாக்டர் மிஷின் பழசுங்கறார். மேனேஜர் விதிங்கறார். உங்க தம்பி புத்தகத்தைக் குடுத்துட்டுப் போயிட்டார். மிஷினுக்குத் தானா டேப் ஒட்டிக்கத் தெரியுமா?"

அவர் மனைவி தண்ணீர்ச் சொம்போடு வந்தவள் அப்படியே நின்றாள். நான் புத்தகத்தைப் பார்த்தேன். எழுத்தெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு தெரிந்தது. "தலை வலிக்குது அண்ணா, நாளைக்குப் படிக்கறேன்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் உன் மாமா காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொன்னேன். "விசாரணையில எப்படியும் தெரியத்தானே போகுது" என்றார்.

"என் தம்பி வாயால அவருக்குத் தெரியணுமா? நாம எதிர் வாசல்ல இருந்துக்கிட்டு?"

"வேலை போயிடும்டி."

"போகட்டும். நான் காய் நறுக்கறேன், நீங்க தோல் உரிங்க. இனிமே நீங்க போய்ச் சொல்லாம நான் அந்தப் புத்தகத்தைத் தொட மாட்டேன்."

கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி முழுக்கைச் சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான் போட வரவில்லை. நான்தான் போட்டுவிட்டேன். எதிர் வாசலுக்கு எத்தனை எட்டு? அதற்கு இரண்டு முறை திரும்பி வந்தார்.

மன்னித்துவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மன்னிக்கவில்லை. "வெளிய போ" என்று ஒரு சத்தம். அப்புறம் உன் மாமாவின் செருப்பு மட்டும் தனியாக எங்கள் வாசலில் வந்து விழுந்தது. அவர் மனைவி கதவை அடைத்த வேகத்தில் எங்கள் வீட்டுக் கண்ணாடி ஆடியது. இப்போது மாடிப்படியில் என்னைப் பார்த்தால் அவள் துணியைச் சுருட்டிக்கொண்டு சுவரோரம் நகர்கிறாள். நீ கேட்டாயே, தெரிந்தால் வாசல்படி ஏற விடுவாரா என்று. விடவில்லை. அதில் நீதான் ஜெயித்தாய், வைத்துக்கொள்.

விசாரணையிலும் அவரே எழுந்து சொல்லிவிடுவார். உன்னிடம் கேட்பதற்கு முன்னாலேயே. நீ தீட்டிவைத்த அம்பையெல்லாம் திரும்பக் கட்டி எடுத்துக்கொண்டு போ.

அக்கா

ஜூலை 12

அக்காவுக்கு,

விசாரணை முடிந்த அன்று உங்கள் வீட்டுப் பக்கம் வராமலே பஸ் ஏறினேன். வந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மாமா எழுந்து எல்லாவற்றையும் தானே சொன்னார். நல்லது. உண்மை வெளிவந்தது. ஆனால் அதற்கு முதல் காரணம் என் கடிதம் என்பதை நீங்கள் இருவரும் வசதியாக மறந்துவிட்டீர்கள். உறவை அறுத்துக்கொண்டு நான் வந்து நின்ற இடத்தில், நான் வாய் திறப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அறையில் இருந்தவர்கள் என்னை ஏன் அழைத்தார்கள் என்பதுபோலப் பார்த்தார்கள்.

சூப்பர்வைசருக்குத் தெரியுமா என்று மாமாவிடம் கேட்டார்கள். "அதை அவரையே கேளுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். அதைவிட நேராகவே சொல்லியிருக்கலாம். அது ஒரு தந்திரம். யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும்.

நான் சொன்ன பதில் நிர்வாக ரீதியில் சரியானது. அதைப் பற்றி யாருக்கும் விளக்கம் தரவேண்டியதில்லை.

தம்பி

ஜூலை 16

தம்பிக்கு,

"என் கவனத்துக்கு வரவில்லை." இதுதானே உன் நிர்வாக ரீதி? உன் மாமா சொன்னார். நல்ல வார்த்தை. பொய்யாகவும் தெரியாது, உண்மையாகவும் இருக்காது. வெட்டின காகிதம் மாதிரி நாலு பக்கமும் நேராக இருக்கிறது. இதைத் தேடிப்பிடிக்க எத்தனை சனிக்கிழமை ஆயிற்று? நான் உன்னிடம் கெஞ்சியது 'ஞாபகமில்லை' என்று சொல்லத்தான்; அதை நீ உனக்காக எடுத்து வைத்துக்கொண்டாய்.

தந்திரம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரால் உன்னைக் காட்டிக் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். எதிரில் நிற்பவன் மைத்துனன் என்று பார்த்துவிட்டார். கீதை படிக்காதவர், பாவம்.

வேலையை அடியோடு பிடுங்கவில்லை. மிஷின் பக்கமே வராதே, பண்டல் தூக்கு என்று சொல்லிவிட்டார்கள். வீடு போயிற்று. மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். விடுதிச் சமையலறைக்குப் பின்னால் அரிசி மூட்டை போடும் அறையை ஒழித்துத் தருகிறேன் என்றிருக்கிறார்கள். எலி இருக்கிறது. பேச்சுத் துணைக்கு ஆயிற்று.

நேற்று மீசைக்காரர் மனைவி வாசலில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல், "படிக்க வரச் சொல்றார்" என்றாள். போனேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டுதான் கேட்டார். படித்து முடித்துவிட்டு எழுந்தபோது, சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "டேப் ஒட்டினவர் சொல்லிட்டார். பாத்தவங்க யாருமே இல்லையா? உங்க தம்பி நிஜமாவே பாக்கலையா?"

நான் பதில் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்ற இல்லை. உன்னைக் காப்பாற்றி எனக்கு அலுத்துவிட்டது. நான் சொன்னால் அது ஒரு வீட்டுச் சண்டை. நீ சொன்னால்தான் அது அவருக்குக் கிடைத்த பதில். "அவனே வந்து சொல்லுவான்" என்று மட்டும் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்.

புத்தகத்தைக் கொடுத்தவன் நீ. கொடுத்தவன் ஒரு நாளாவது வந்து உட்காரு. மீட்டிங் ரூம் இல்லை, மின்விசிறி ஓடும்போது கட்டில் சேர்ந்து ஆடும். உபதேசம் வேண்டாம். ஒரு கேள்வி கேட்பார், ஒரு பதில்.

அக்கா

ஜூலை 21

அக்கா,

ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். உனக்காக வரவில்லை. என்ன சொல்வேன் என்று இப்போது எழுதித் தர முடியாது. எழுதிப் பார்த்தேன், வரவில்லை. சனிக்கிழமை வகுப்புக்கும் போகவில்லை.

உன்னிடம் எனக்குக் கோபம் தீரவில்லை.

ஜூலை 24

டேய்,

'உங்கள்' போய் 'உன்' வந்துவிட்டது. பஸ்ஸில் ஏறுவதற்குள் மறுபடி மாற்றிவிடாதே.

கோபம் தீரவில்லை என்றாயே, எனக்கு மட்டும் தீர்ந்துவிட்டதா? உன் மாமா பஸ் நிலையத்துக்கு வருவார். அவரிடம் மன்னிப்பு, வணக்கம் என்று எதையும் ஆரம்பிக்காதே. அழுதுவிடுவார், அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக ரோட்டில் நின்று மானத்தை வாங்குவீர்கள். பையை மட்டும் கொடு. தூக்கிக்கொண்டு வருவார். இப்போது அதுதானே அவர் வேலை.

சாப்பாடு போடுவேன். பேச மாட்டேன்.

நீ எதிர் வீட்டுக்குள் போனதும் நான் இங்கே பாத்திரத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டிருப்பேன். வந்து எட்டிப்பார்க்க மாட்டேன், கதவோரம் காதை வைக்க மாட்டேன். நீ சொல்வது எனக்குக் கேட்காது. ஆனால் அவர் தன் கேள்வியைக் கேட்டு முடித்த பிறகு, நீ ஒன்றும் சொல்லாமல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாயானால், அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்கும்.

அக்கா